சத்தம் பிந்தித்தான் வரும்

1. முதல் நாள்

முதல் நாள் எனக்குத் தரப்பட்ட வேலை ஒரு விமானத்தைக் கேட்பது. ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டு முன்னறையில், மகள் மதுராவின் கணினிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஹெட்போனை மாட்டி, ஒற்றை என்ஜின் விமானம் ஒன்று இடமிருந்து வலமாகப் பறந்து போவதைப் பதினேழு தடவை கேட்டேன். பிறகு சோதனைப் படிவத்தில் எழுதினேன்: "பிழை. இது இப்படி வராது."

அதற்கு முன் இருபத்தைந்து வருடம் நான் செய்தது ஒலிபெருக்கித் தொழில். கோயில் திருவிழா, கலியாண வீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று தீவுப் பகுதியில் நான் ஹோர்ன் கட்டாத பனை குறைவு. மதுரா படித்து முடித்துவிட்டு, வெளிநாட்டில் உள்ள ஆறு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். அந்தக் குழு செய்வது போர் விமான சிமுலேட்டர். அதை விளையாட்டு என்று சொன்னால் அவர்களுக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஒரு பொத்தானை அமத்திப் பறக்க முடியாது. பெற்றோல் குழாயைத் திறப்பதிலிருந்து பற்றரி சுவிட்ச் வரை எல்லாம் ஒழுங்குப்படி செய்தால்தான் என்ஜின் பற்றும். மூக்கை அளவுக்கு மிஞ்சி நிமிர்த்தினால் இறக்கை தாங்காமல் விழுந்துவிடும். இதையெல்லாம் அவர்கள் ரியலிசம் என்பார்கள். பறந்து பார்த்துப் பிழை பிடித்து எழுதுவதுதான் மதுராவின் வேலை.

சத்தத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் விலகியபோது மதுரா என்னைச் சொல்லியிருக்கிறாள். குழுத் தலைவர் சுதன் வேலணையில் பிறந்து ஐந்து வயதில் நாட்டை விட்டுப் போனவர். வீடியோவில் வந்து கேட்டார்.

"அண்ணை, உங்களுக்குப் பிளேன் அனுபவம் ஏதும் இருக்கோ?"

"ஏறினது இல்லைத் தம்பி. கீழ நிண்டு கேட்டது நிறைய."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் அண்ணன் ஒரு விமானத்தின் குண்டுக்குத்தான் செத்தவன். அது என்னால் நடந்ததா என்பது முப்பத்தைந்து வருடமாக எனக்குத் தெரியாமல் இருந்தது. வேலைக்குச் சேர்ந்தது சம்பளத்துக்காகத்தான். ஆனால் அந்தக் கேள்வியும் என்னோடு கூட வந்து உட்கார்ந்துகொண்டது.

2. தகரப் பீப்பா

'பிழை' என்று எழுதியதற்கு அடுத்த நாளே சுதன் விளக்கம் கேட்டார்.

"உங்கட பிளேன் வாயசைக்கேக்கையே பாடுது," என்றேன்.

"விளங்கேல்லை அண்ணை."

"கோயில் வாசலில பாட்டுக்காரர் பாடுறார். கால் மைல் தள்ளி ஒருத்தன் நிக்கிறான். இவர் வாயை மூடின பிறகும் அவனுக்குப் பாட்டு முடியாது. வெளிச்சம் உடன போயிடும். சத்தம் பிந்தித்தான் வரும். தூரத்துப் பிளேனும் அப்பிடித்தான். நீங்கள் படத்தையும் சத்தத்தையும் ஒண்டா விட்டிருக்கிறியள்."

"அது தெரியும் அண்ணை. ஆனா பிந்திப் போட்டா, விளையாடுறவை பிழை எண்டு முறைப்பாடு போடுவினம்."

"பிந்தாட்டி நான் போடுவன்."

சொல்லி அவருக்கு ஏறவில்லை. அடுத்த நாள் காலை மதுராவைப் படகில் காரைநகர்ப் பக்கம் அனுப்பினேன். கையில் ஒரு பழைய தகரப் பீப்பாவும் தடியும். நான் ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று ஃபோனில் படம் பிடித்தேன். அவளை இறக்கிவிட்டுத் திரும்பிய படகுக்காரர் ஐயா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன தம்பி, பெட்டை அங்க தகரம் அடிக்கிறாள், நீர் இங்க நிண்டு படம் பிடிக்கிறீர். நேவிக்காரன் வந்து கேட்டா என்ன சொல்லுவீர்?"

"வேலை எண்டு சொல்லுவன் ஐயா."

"இதுக்குச் சம்பளமும் தாறாங்களோ? எனக்கும் ஒரு பீப்பா எடுத்துத் தாருமன்."

மதுராவின் தடி இறங்கியது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பிறகுதான் 'டங்' என்று கடல் கடந்து வந்தது. அதற்குள் அவள் அடுத்த அடிக்குக் கையை ஓங்கிவிட்டாள். படத்தைச் சுதனுக்கு அனுப்பினேன். பதில் ஒரு வரியில் வந்தது: "சரி அண்ணை, பிந்தவே விடுவம்."

3. எந்த விமானம்

அடுத்து எந்த விமானத்தைச் செய்வது என்று குழுவுக்குள் மூன்று கிழமை வாக்குவாதம் நடந்தது. வாங்குகிறவர்கள் கேட்டது வேகமான ஜெட். சுதன் சொன்னது ஒரு சின்ன விமானம். விமானிகளைப் பழக்குவதற்காகச் செய்யப்பட்டது. தாழ்ந்த இறக்கை, முன்னால் ஒரு புரொப்பெல்லர். பிறகு இறக்கைக்குக் கீழே குண்டு பூட்டி அதைப் போருக்கும் அனுப்பினார்கள்.

"சுதன் அண்ணா, இது ஓட்டோவுக்கு இறக்கை பூட்டின மாதிரி இருக்கு. ஆர் வாங்குவினம்?" என்றாள் மதுரா.

"முதல் ஓட்டிப் பாரும், பிறகு கதையும். ஜெட்டில அரைவாசி இரகசியம். ரேடார் எப்பிடி வேலை செய்யுது எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டாங்கள். நாங்கள் ஊகிச்சுப் போட்டிட்டு ரியலிசம் எண்டு விக்கிறதோ? இந்தச் சின்னனில ஒளிக்க ஒண்டுமில்லை. ஒவ்வொரு சுவிட்சையும் செய்யலாம்."

நியாயமான பேச்சு. நானும் தலையாட்டினேன். அப்போது படம் திரையில் வந்தது. தாழ்ந்த இறக்கை. இறக்கையின் இரண்டு நுனியிலும் சின்னச் சின்ன எண்ணெய்த் தாங்கிகள். சின்ன வயதில் எங்கள் தலைக்கு மேல் சுற்றியது இதுதான்.

தொழிற்சாலையில் அதற்கு வைத்த பெயர் எங்களுக்குத் தெரியாது. பொம்பர் என்றுதான் சொன்னோம். என்ன வருகிறது என்று பார்க்காமலே காது சொல்லும்.

மீதியைச் சொல்வதற்கு அந்த நாளைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயது. வெள்ளை உடுப்பு மேலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும், வெள்ளையைக் கண்டால் குண்டு போடுவான் என்று ஊரெல்லாம் நம்பியது. விமானச் சத்தம் கேட்டால் கொடியில் காயும் வேட்டியையும் பள்ளிக்கூட உடுப்பையும் இழுத்து எடுத்த பிறகுதான் பங்கர்க் குழிக்குள் இறங்கிப் பதுங்குவோம். அன்று நானும் கூடப்பிறந்த சரசு அக்காவும் எடுக்க மறந்து இறங்கிவிட்டோம். மேலே சத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. திடீரென்று சுருதி மாறி ஏறியது. பதிகிறான், குண்டு போட மூக்கைச் சாய்த்து இறங்குகிறான் என்று அர்த்தம். கொடியில் என் இரண்டு சட்டை காய்வது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வெளியே பாய்ந்தேன். நான் உடுத்தியிருந்ததும் வெள்ளைச் சட்டை. இரண்டையும் இழுத்து எடுத்துக்கொண்டு திரும்பும்போது குண்டு கிணற்றுக்கு அப்பால் விழுந்தது. அங்கே இளம்பனை வடலிக்குள் குப்புறப் படுத்திருந்தான் என் அண்ணன் குகன். அவனுக்குப் பதினேழு வயது.

வெளியே வந்த என் வெள்ளைச் சட்டையை அந்த விமானி கண்டானா? கேள்வி அதுதான். யாரிடமும் நான் இதைக் கேட்டதில்லை.

"மதுரா, இந்தப் பிளேன் வேண்டாம். வேற வேலை பாப்பம்," என்றேன்.

"ஏன் அப்பா?"

"தலையிடிக்குது."

அவள் பனடோல் எடுத்துக்கொண்டு வந்தாள். பெற்ற பிள்ளை அந்த ஆசனத்தில் ஏறப் போகிறாள், அது அவளுக்குப் பிடித்தும் போகலாம் என்ற பயம் எனக்கு. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பனடோலை விழுங்கினேன்.

4. இரண்டு திரை

சுதன் சொன்ன விமானமே முடிவானது; சம்பளத்துக்காக நானும் நின்றுவிட்டேன். விமானம் தயாராக ஏழு மாதம் சென்றது. சத்தத்துக்கு நான் ஒப்பமிட்டால்தான் வெளியே போகும். சோதனை எங்கள் முன்னறையில், காலை பத்து மணிக்கு. மதுரா தன் கணினியில் விமானி. நான் பக்கத்து மடிக்கணினியில், கிரவுண்ட் வியூ என்று சொல்லும் தரைப் பார்வையில், கீழே நிற்கும் ஆள். செய்மதிப் படத்தை வைத்து எங்கள் தீவுகள் மாதிரியே அவள் ஒரு சோதனைத் தரை கட்டியிருந்தாள். பனை, கடல், மண் ரோட்டு எல்லாம் இருந்தன.

அவள் பறப்பதை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு கையும் இரண்டு காலும் வேறு வேறு வேலை செய்தன. காற்று தள்ளுவதை முன்கூட்டியே அறிந்து காலால் திருத்தினாள். கோயில் தேரை வீதியில் திருப்பும் சறுக்குக்கட்டைக்காரர்களிடம்தான் நான் அப்படி ஒரு நிதானத்தைக் கண்டிருக்கிறேன். என் பிள்ளை இதை எங்கே படித்தாள்?

கண்ணை மூடிக் கேட்டேன். உயரத்தில் சுற்றும் சத்தம் சரியாக இருந்தது. பிறகு சுருதி மாறி ஏறியது.

"இப்ப பதியிறாய்," என்றேன்.

"இப்பவோ? நான் இலக்கைப் பாத்து மூக்கைப் பதிச்சு அஞ்சு செக்கன் ஆச்சு அப்பா."

கண்ணைத் திறந்தேன்.

"திருப்பிச் செய்."

திருப்பிச் செய்தாள். இந்த முறை கண்ணைத் திறந்து அவள் திரையைப் பார்த்தேன். மூக்கு பதிந்தது. இலக்கு கண்ணாடியின் நடுவில் வந்து நின்றது. என் காதில் இன்னும் பழைய சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பிறகுதான் சுருதி மாறியது.

"திருப்பி."

"அப்பா, சத்தத்தில என்ன பிழை?"

"ஒரு பிழையும் இல்லை. திருப்பி."

ஒன்பது தடவை செய்தாள். ஒன்பதாம் தடவை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அப்போது சொன்னேன். குகன் பெரியப்பா குண்டு வீச்சில் செத்தது அவளுக்குத் தெரியும். சட்டைக் கதை தெரியாது.

அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. சோதனைக்காரி மாதிரிக் கேட்டாள்.

"சுருதி மாறினதைக் கேட்டுத்தானே வெளிய வந்தனீங்கள்? அதுக்கு முதல் வரேல்லையே?"

"கேட்டுத்தான் வந்தனான்."

"அண்டைக்கு அது எவ்வளவு உயரத்தில நிண்டது?"

"பிள்ளை, எனக்கு அப்ப பன்னிரண்டு வயது. ஆர் அளந்தது?"

"அப்ப எல்லா உயரத்திலயும் பாப்பம்."

பகல் சாப்பாட்டை மறந்து பார்த்தோம். உயரத்தைக் கூட்டினாள், குறைத்தாள். கிட்ட இருந்து பதிந்தாள், எட்ட இருந்து பதிந்தாள். ஐந்து செக்கன் மூன்றானது, ஏழானது. ஒழுங்கு மட்டும் ஒரு தடவையும் மாறவில்லை. முதலில் மேலே இருப்பவன் இடத்தைத் தெரிவு செய்கிறான். பிறகு பதிகிறான். அதற்குப் பிறகுதான் கீழே சத்தம் மாறுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடி வருகிறவன் எப்படி ஓடினாலும் கடைசி ஆள்.

"சிமுலேட்டரில ஆயிரம் பிழை இருக்கலாம் அப்பா. ஆனா இது நாங்கள் எழுதின கோட் இல்லை. சத்தம் வெளிச்சத்தை முந்த ஏலாது," என்றாள்.

கால் நூற்றாண்டு ஹோர்ன் கட்டினவன் நான். சத்தம் பிந்தித்தான் வரும் என்று சுதனுக்குப் பாடம் எடுத்தவன் நான். அந்த ஒரு நாளுக்கு மட்டும் அதை நான் பொருத்திப் பார்க்கவே இல்லை.

5. மடத்துவெளி

அந்த ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு பஸ் ஏறி, புங்குடுதீவில் மடத்துவெளிக்குப் போனேன். சரசு அக்கா அங்கேதான் இருக்கிறா. வெள்ளை உடுப்பை அக்கா இன்றைக்கும் வெளியே காய விடுவதில்லை. உள்ளே, அறைக்குள் கயிறு கட்டிப் போடுவா. பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

சொல்லவேண்டியதைச் சொன்னேன். அவ கேட்டுக்கொண்டே இருந்தா.

"அப்ப வெள்ளையைக் கண்டு வரேல்லையோ?"

"இல்லை அக்கா. நான் வெளிய வர முதலே இடத்தைப் பிடிச்சிட்டான். என்ர சட்டை காரணமில்லை."

"உன்ர சட்டையோ? நீ போட்டிருந்ததை ஆர் நினைச்சது? கொடியில கிடந்ததை எல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தனான். தோய்ச்சுக் காயப் போட்டது நான் எல்லோ?"

நான் கணக்குப் பார்த்தது என் ஓட்டத்தை மட்டும். கொடியில் கிடந்த இரண்டு சட்டையும் அவன் பதிவதற்கு எவ்வளவோ முன்பிருந்தே அங்கே கிடந்தன. அதற்குச் சத்தக் கணக்கு உதவாது. பொய் சொல்லவும் வராது.

"அது மேல இருந்து பாத்தால்தான் தெரியும் அக்கா," என்றேன்.

"காட்டு."

மதுரா பறந்து பதிவு செய்து வைத்திருந்த ஓட்டத்தைப் போட்டேன், விமானியின் ஆசனத்திலிருந்து. சத்தம் வந்ததும் அக்கா மேசை விளிம்பைப் பிடித்தா. பிறகு மெல்ல முன்னால் குனிந்தா. கீழே தீவுகள் தெரிந்தன. ஆழமில்லாத பரவைக் கடல் பச்சையும் நீலமுமாக. மண் ரோட்டு வெள்ளை, மணல் வெள்ளை, கரையில் நுரை வெள்ளை, கோயில் மதில் வெள்ளை. வீடுகள் விரல் நகத்தை விடச் சின்னன். கொடியும் இல்லை, சட்டையும் இல்லை, ஆளும் இல்லை.

"இது திரை அக்கா. உண்மையான கண்ணுக்கு இதைவிடக் கொஞ்சம் கூடத் தெரியும். ஆனா இவ்வளவு வெள்ளைக்குள்ள இரண்டு சட்டையைப் பிரிச்சு எடுக்க ஏலாது எண்டுதான் நினைக்கிறன்."

அவ அதைக் கேட்டாவோ தெரியாது. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எங்கட தீவு இவ்வளவு வடிவோ?"

"ஓம் அக்கா, நல்ல அழகு."

ஓட்டம் முடிந்தது. இன்னொரு தரம் போடச் சொன்னா. போட்டேன். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, நான் பதில் வைத்திருக்கிறேன் என்று நம்பிக் கேட்டா:

"இவ்வளவு வடிவாத் தெரிஞ்சும் குண்டு போட்டவங்களோ?"

விமானத்தின் ஒவ்வொரு சுவிட்சையும் செய்திருக்கிறோம். அதற்குப் பதில் எங்களிடம் இல்லை.

திங்கட்கிழமை ஒப்பமிட்டேன். அந்தச் சோதனைப் படிவத்தில் 'கேட்ட இடம்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் 'ஆசனம்' என்று ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போவார்கள். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் படித்ததைச் சொல்கிறேன். ஒரு போர் விமானம் சரியாக இருக்கிறதா என்று ஓர் இடத்தில் இருந்து சொல்ல முடியாது. ஆசனத்தில் இருந்து பாருங்கள். பிறகு இறங்கி, அது பறந்து வரும் நிலத்தில் போய் நில்லுங்கள். அங்கே கேட்டதையும் எழுதுங்கள். நான் இரண்டையும் எழுதினேன். மேலிருந்து: மிக வடிவு. கீழிருந்து: சத்தம் சரி.