மஞ்சள் வைத்த பலகை

என் மகள் கேம்பஸில் படித்த கடைசி வருஷம், ரப்பர் கொட்டை எண்ணெயில் ஏதேதோ மருந்து கலந்து, பலகையில் பூசி, கண் கூசும் ஊதா விளக்கின் கீழே வைத்துக் கண்ணாடி போல இறுக வைத்தாள். நெடி அடிக்கிற வார்னிஷுக்குப் பதிலாம். கொட்டையெல்லாம் தெரணியகலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் நான் பொறுக்கிக் கொடுத்தது. பாடம் நடத்தும் சேர் பார்த்து மார்க் போடுவதற்கு முன், எனக்குக் காட்டவென்று பலகையை எங்கள் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் சாமி படத்துக்கு முன் வைத்து மஞ்சள் தடவுவோம். அவள் குளிக்கப் போனபோது பலகைக்கும் தடவிவிட்டேன்.

திரும்பி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது? திங்கக்கிழம சேர்கிட்ட காட்டணும். கறை ஏறிச்சுன்னா வேற செய்ய நேரமில்ல."

ஈரத்துணியை நீட்டினேன். துடைத்தாள். நடுவில் சுத்தமாகப் போய்விட்டது. ஓரத்தில் மட்டும் மஞ்சள் நின்றது. அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"இந்த ஓரத்துக்கு வெளிச்சம் பத்தலம்மா. இன்னும் இறுகல. அதான் கறைய குடிச்சிருக்கு."

"கெடுத்துட்டேனா புள்ள?"

"திரும்ப விளக்குல வச்சா இறுகிரும். கறைதான் முழுசா போகாது."

அடுத்த முறை வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "கறை எப்படி வந்துச்சுன்னு சேர் கேட்டாரு. அம்மா சாமிக்கு வச்சு மஞ்சள் பூசுனாங்கன்னு சொல்லிட்டேன்."

"அதையெல்லாமா போய் சொல்லுவ?"

வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். மூடியபடியே, மார்க் எப்படி என்று கேட்டேன்.

"பாஸ்தாம்மா. முந்தானைய எடுங்க."