பாதி அழிந்த பாய்மரம்

சோணைமுத்து எதற்கும் பயப்படுகிற மனிதர். சாயல்குடிப் பக்கம் ஒரு பனையேறியின் மகனாகப் பிறந்தவர், ஒரு முறைகூடப் பனையில் கால் வைத்ததில்லை. பாம்பன் பள்ளிக்கூடத்துக்கு டிராயிங் மாஸ்டராக வந்து நாலு வருஷமாகியும் கடல் தண்ணீர் அவருடைய முழங்காலைத் தாண்டியதில்லை. ரயில் பாலத்தின் மேல் போகும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு குலசாமி பெயரைச் சொல்லுவார். பள்ளிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் மூன்று நாள் முன்னாடியே வயிறு கலங்கிவிடும்.

ஆனால் அட்டையில் காகிதத்தைப் பொருத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் ஆள் வேறு. பக்கத்தில் நாய் சண்டை போட்டாலும் திரும்ப மாட்டார்.

1956 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வாட்டர் கலர் பெட்டியோடு துறைக்குப் போனார். கரையில் ஒரு தோணியை மணலுக்கு ஏற்றி, முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். யாக்கோபுவின் தோணி, பெயர் ‘சலேத்மாதா’. தோணி தச்சர் பக்கவாட்டில் இரண்டு பலகையைக் கழற்றிப் போட்டிருந்தார். அந்த இடைவெளி வழியாக வெயில் உள்ளே விழுந்து, இருட்டுக்குள் ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது. சோணைமுத்துவுக்கு அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பொழுது சாய்கிறவரை வரைந்தார். முடித்து, மூலையில் வழக்கம்போல் தேதியைப் போட்டார்: 11-3-56.

மறு வாரம் யாக்கோபுவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பாஸ்போர்ட் இல்லாத பதினோரு பேரை இலங்கைக்குக் கள்ளத்தனமாக ஏற்றிப் போனான் என்று கேசு. ஏற்றிப் போனதாகச் சொன்னது அதே ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்ந்த நேரம். உண்மையில் ஆள் ஏற்றிய தோணி எந்தப் பெரிய மனிதருடையது என்று துறையில் பலருக்குத் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தச்சர் போய்ச் சொன்னார். அவர் யாக்கோபுவுக்கு மச்சான் முறை என்பதால் அவர் சொல் எடுபடவில்லை.

யாக்கோபுவின் மனைவி லீமாரோஸ் ஒரு காலையில் டிராயிங் மாஸ்டர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சார், அன்னிக்கு நீங்க எங்க தோணியப் படம் போட்டீகளாம். தச்சு வேல பாத்த எங்க அண்ணன் சொன்னாக. தேதி கூட எழுதியிருக்காம்ல?"

சோணைமுத்து தலையை ஆட்டினார். ஆட்டியிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

"கோர்ட்டுல வந்து அத மட்டும் சொல்லுங்க சார். நீங்க சர்க்கார் உத்தியோகம் பாக்குறவுக. எங்களுக்கு ஒறவும் இல்ல. ஒங்க பேச்ச நம்புவாக."

"பாக்குறேன்மா," என்றார்.

அவள் எப்படியோ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்து ஏட்டு வந்தார். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"படம் நல்லாப் போடுவீகளாமே வாத்தியாரே. தோணி, கப்பல் எல்லாம்."

"ஏதோ... பொழுதுபோக்குக்கு."

"போடுங்க, போடுங்க. கடலப் போடுங்க, காக்காயப் போடுங்க. தோணி எதுக்கு? தோணி இருந்தா தொந்தரவு." செம்பைக் கீழே வைத்தார். "வேல இன்னும் பெர்மனென்ட் ஆகலைல்ல?"

அன்று முதல் சோணைமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. சைக்கிள் மணி கேட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வகுப்பில் கரும்பலகையில் நேர்கோடு போட வரவில்லை.

"ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருங்க," என்றாள் மனைவி முருகேஸ்வரி. "நமக்கு எதுக்கு இந்த வம்பு?"

சனிக்கிழமை மத்தியானம் அவள் கிணற்றுக்குப் போயிருந்தபோது அவர் படத்தை வெளியே எடுத்தார். வாட்டர் கலர் ஈரம் பட்டால் இளகும். பிரஷை நனைத்துப் பத்து நிமிஷம் தேய்த்தால் போதும், தோணி இருந்த இடத்தில் வெறும் மணல்தான் இருக்கும். கேட்டால் மழைச்சாரல் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். பீங்கான் கோப்பையில் தண்ணீர் எடுத்து வந்தார். பாய்மரத்தின் நுனியில் தொட்டார். பழுப்பு நிறம் இளகிப் பிரஷில் ஏறியது. துணியால் ஒற்றினார். பாதி மரம் போய்விட்டது.

கை கீழே இறங்கி, பலகை கழன்ற இடத்துக்கு வந்தது. அங்கே விழுந்த வெயிலை அவர் வர்ணத்தால் போடவில்லை. காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டிருந்தார். அழிப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. பிரஷ் காகிதத்துக்கு மேலேயே நின்றது.

குடத்தோடு உள்ளே வந்த முருகேஸ்வரி பார்த்துவிட்டாள்.

"என்ன செய்றீக?"

"அழிக்கிறேன்."

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள். "நான்தான் சொன்னேன், தெரியாதுன்னு சொல்லுங்கன்னு. இப்ப இதப் பாத்தா எனக்கே மனசு கேக்கல. யாக்கோபு சம்சாரம் நேத்துத் தண்ணி மோக்க வந்துச்சு. என்னயப் பாத்துச் சிரிச்சிச்சுங்க."

அவர் பிரஷைக் கோப்பையில் போட்டார்.

ஏப்ரலில் ராமநாதபுரம் கோர்ட்டில் சாட்சி சொல்ல அழைத்தார்கள். லீமாரோஸிடம் அவர் கொடுத்தனுப்பிய படம் மாஜிஸ்திரேட் மேஜைமேல் இருந்தது. சோணைமுத்து கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கதவோரம் ஏட்டு நின்றிருந்தார்.

சர்க்கார் வக்கீல் படத்தைக் காட்டிக் கேட்டார். "இதுல ரெண்டு தென்னைமரம் இருக்கு. அந்த இடத்துல தென்னைமரம் உண்டா?"

"இல்லைங்க. அது நானாப் போட்டது. இடது பக்கம் வெறுமையா இருந்துச்சு."

"அப்போ இல்லாததையும் போடுவீங்க. தோணியும் அப்படித்தானே?"

"இல்லைங்க. தோணி இருந்துச்சு. ரெண்டு பலக கழட்டிக் கெடந்துச்சு. உள்ள வெயில் விழுந்துச்சு. அதப் போடத்தான் நான் அங்கன உக்காந்ததே."

"எத்தனை மணி வரைக்கும்?"

"வெளிச்சம் இருந்த வரைக்கும். பலகய மாட்டல. அந்தத் தோணி அன்னிக்குத் தண்ணியில எறங்கியிருக்க முடியாதுங்க."

வக்கீல் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "பாய்மரம் பாதி கலைஞ்சிருக்கே, இது என்ன?"

மழைச்சாரல் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"நான்தான் அழிச்சேன்."

"எப்போ?"

"கேசு வந்த பொறகு."

கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது. எழுதிக்கொண்டிருந்த மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். "எதற்காக?"

"பயந்துட்டேங்க."

"யாருக்குப் பயந்தீர்?"

சோணைமுத்து கதவுப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டார். "ஏட்டையா வீட்டுக்கு வந்தாக. படத்துல தோணி வேண்டாம்னாக. என் வேலையப் பத்திக் கேட்டாக. அதான் அழிக்கப் போனேன். முழுசா அழிக்க மனசு வரலைங்க."

அதற்குப் பிறகு என்ன கேட்டார்கள், என்ன சொன்னோம் என்பது அவருக்கு நினைவில்லை. இறங்கச் சொன்னபோதுதான் வேட்டி நனைந்திருப்பது தெரிந்தது. குடையை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். பின்வரிசையில் இருந்த லீமாரோஸ் எழுந்து வந்தாள். அவருக்கு முன்னால் நின்று, முந்தானையை விரித்து மறைத்தபடி, அவர் நடைக்கு நடந்து வாசல் வரை கூட்டிப்போனாள்.

பதினைந்து நாளில் யாக்கோபு விடுதலையானான். தோணி அதுவரை வெயிலில் கிடந்து பலகையெல்லாம் வாய்பிளந்திருந்தது. அதைச் சரிசெய்து கடலில் இறக்க அடுத்த ஆடி ஆகிவிட்டது. ஏட்டு அதே ஊரில்தான் இருந்தார். சோணைமுத்துவைப் பார்க்கும்போதெல்லாம் சைக்கிளை மெதுவாக ஓட்டினார். ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மெதுவான போக்கைத்தான் மாஸ்டரால் தாங்க முடியவில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு திருப்பாலைக்குடிக்குப் போய்விட்டார். படம் கோர்ட்டிலேயே தங்கிவிட்டது. திருப்பிக் கேட்டு எழுதலாம் என்று முருகேஸ்வரி சொன்னாள். அவர் எழுதவில்லை.

திருப்பாலைக்குடியில் மூன்று மாதம் வர்ணப்பெட்டியைத் திறக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கரைக்குப் போய், மரத்தடியில் உட்கார்ந்தார். கரையில் கிடந்த ஒரு வள்ளத்தை வரைந்து, வானத்துக்கு நீலம் போட்டுக்கொண்டிருக்கும்போது காகிதத்தின் மேல் ஒரு நிழல் விழுந்தது. பிரஷ் நழுவி மணலில் விழுந்துவிட்டது. நின்றது ஒரு மீனவர்.

"நம்ம வள்ளமா அது?" என்று கேட்டார் அவர். "பேரயும் எழுதுவீகளா?"

சோணைமுத்து மணலிலிருந்து பிரஷை எடுத்துத் துடைத்தார். நடுங்குகிற கையோடேயே, பேர் என்ன என்று கேட்டார்.