கொழும்பு பார்களுக்கு நான் சொன்ன வழி

1. ஷட்டர்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ஓடிய ஸ்டீமரில் எனக்குப் பார் வேலை. முதல் நாளே பட்லர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கப்பல் துறையை விட்டு நன்றாக நகர்ந்த பிறகுதான் பார் ஷட்டரைத் தூக்க வேண்டும். கரையில் மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. மெட்ராஸிலிருந்து ரயிலில் தொண்டை வறண்டு வந்த துரைமார்களும் செட்டியார்களும் வக்கீல்களும் மூடிய ஷட்டருக்கு முன்னால் பந்திக்கு நிற்கிற மாதிரி நிற்பார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

முதல் பெக் இறங்கியதும் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். கொழும்பில் ராத்திரி எங்கே போகலாம்?

எனக்கு என்ன தெரியும்? நான் பாம்பன்காரன். கப்பல் ஆட்கள் தலைமன்னார் துறையைத் தாண்டக் கூடாது. கொழும்பை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் தெரியாது என்று சொன்னால் பார்க்காரனுக்கு என்ன மரியாதை? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். திரும்பி வருகிறவர்களிடம் கேட்டு வைத்துக்கொண்டு, போகிறவர்களுக்குச் சொல்வேன். கோட்டையில் மாடி பார், கோட் இல்லாமல் உள்ளே விடமாட்டான். கொம்பனித்தெருவில் டான்ஸ் ஹால், சனிக்கிழமை கூட்டம் நெரியும். கல்கிசையில் கடலைப் பார்த்த ஹோட்டல், பேண்டு பிரமாதம், பில்லும் பிரமாதம். கையில் காசு குறைவென்றால் புறக்கோட்டைத் தவறணை, அதாவது சாராயக் கடை, அங்கே நின்றுகொண்டே குடிக்க வேண்டும். அங்கேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி அளப்பேன். ஒருத்தர்கூடத் திரும்பி வந்து என்னைத் திட்டியதில்லை. எல்லாரும் “நீ சொன்ன இடம் ஏ ஒன்” என்றுதான் சொன்னார்கள். அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

2. க்ளாரினெட் மாஸ்டர்

முனியசாமி மாஸ்டர் ராமநாதபுரம் அரண்மனை பேண்டில் க்ளாரினெட் வாசித்தவர். ஜமீன் போனதும் பேண்டும் கலைந்தது. கல்யாணங்களில் வாசித்துப் பார்த்தார், வயிறு நிறையவில்லை. தொண்டி வியாபாரி ஒருவர் பெர்மிட் வாங்கித் தர, கொழும்புக்குக் கிளம்பினார். எனக்குப் பழைய பழக்கம். கப்பலில் என்னைத் தேடி வந்தார்.

“அண்ணே, பேண்டு வச்சிருக்கிற எடமாப் பாத்து ஒண்ணு சொல்லுங்க. பொழப்பு இனிமே அங்கனதான்.”

கல்கிசை ஹோட்டலைச் சொன்னேன். அங்கே மேனேஜர் தங்கமான மனிதர் என்று வேறு சேர்த்துக்கொண்டேன். யாரோ ஒரு பல் டாக்டர் இரண்டாவது பெக்கில் சொன்னது அது. மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வேல கெடச்சா மொதச் சேதி உங்களுக்குத்தான்” என்றார்.

சேதி அவரிடமிருந்து வரவில்லை. நானாகத்தான் விசாரித்தேன். கல்கிசைக்குப் போய் வந்தவர் யார் வந்தாலும், க்ளாஸை நீட்டிக்கொண்டே, “அங்க நம்ம ஊர் ஆள் க்ளாரினெட் வாசிக்கிறாரே, கேட்டீங்களா?” என்பேன். “கேட்டேனே, அடடா!” என்பார்கள். ஒருவர் தன் மேசைக்கே வந்து வாசித்தார் என்றார். இன்னொருவர், வெள்ளைக்காரிகள் எழுந்து நின்று கை தட்டினார்கள் என்றார். எனக்கு நெஞ்சு விம்மும். அப்படிச் சொன்னவருக்கு ஊற்றும்போது கை கொஞ்சம் தாராளமாகச் சாயும்.

லீவு நாளில் ராமநாதபுரம் போனால் மாஸ்டர் சம்சாரம் ராக்கம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொல்வேன். மாஸ்டர் கடிதத்தில் சௌக்கியம் என்பதைத் தவிர வேறெதுவும் எழுதமாட்டார். எப்போதாவது வியாபாரியின் ஆள் மூலம் செலவுக்குக் கொடுத்தனுப்புவார். மீதியெல்லாம் அவளுக்கு என் வாயால்தான் தெரியும்.

3. மதுரை ஆள்

மதுரையில் ஒரு மில்லில் புதிதாக பேண்டு செட் வைத்தார்கள். நிரந்தர வேலை, குடியிருக்க லைன் வீடு. அரண்மனையில் பேண்டு மாஸ்டராக இருந்த பெரியவரைத்தான் ஆள் எடுக்க வைத்திருந்தார்கள். அவர் முனியசாமியைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். ராக்கம்மாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் போனபோது கேட்டாள்.

“வரச் சொல்லி எழுதவா, வேணாமாண்ணே? நீங்க சொல்றதுதான்.”

“வெள்ளைக்காரி கை தட்டுற எடத்துல இருக்கிற மனுசன மில்லு வாசல்ல வந்து நிக்கச் சொல்லுவியா ஆத்தா? பேசாம இரு.”

அவள் பேசாமல் இருந்தாள். பெரியவர் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்.

4. மூன்றாம் வகுப்பு டெக்

கொஞ்ச நாள் கழித்து, திரும்பி வரும் கப்பலில் சோடா பெட்டி எடுக்க மூன்றாம் வகுப்பு டெக் வழியாகப் போனேன். மூட்டைகளுக்கு நடுவே மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இருந்தார். க்ளாரினெட் பெட்டி மட்டும் மடியில் இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

கல்கிசையில் அவரை வாசிக்கவே விடவில்லையாம். சாக்ஸபோன் தெரியுமா, நோட்டு பார்த்து வாசிப்பாயா என்று கேட்டுவிட்டு வாசலோடு அனுப்பிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் தொண்டி வியாபாரியின் புறக்கோட்டை கிட்டங்கியில் வெங்காய மூட்டை தூக்கியிருக்கிறார். வெட்கத்தில் இதை வீட்டுக்கு எழுதவில்லை. இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். இப்போது அவருக்கு நல்ல காலம் பிறந்துவிட்டதாம்.

“மதுர மில்லுல பேண்டு எடுக்கறாகளாம்ண்ணே, நம்ம ஊருலருந்து கிட்டங்கிக்கு வந்தவன் சொன்னான். நம்ம பெரியவருதான் எடுக்கறாராம். நான் போயி நின்னாப் போதும்.”

சோடா பெட்டியைக் கீழே வைத்தேன். வேறு என்ன செய்வது? நடந்ததைச் சொன்னேன். பெரியவர் வந்தது, ராக்கம்மா கேட்டது, நான் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“நான் வாசிக்கிறேன்னு உங்களுக்கு யாருண்ணே சொன்னா?”

“போயிட்டு வந்தவுக எல்லாருந்தான் சொன்னாக மாஸ்டர்.”

“என்ன பாட்டு வாசிச்சேன்னு ஒருத்தர்ட்டயாவது கேட்டீகளா?”

நான் கேட்கவில்லை.

ஹோட்டல், லாட்ஜ், பார் என்று வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். காசைச் செலவழித்துவிட்டு வந்தவன் மோசமான இடத்துக்குப் போனேன் என்று ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டான். ஊற்றுகிறவன் எதைக் கேட்க ஆசைப்படுகிறானோ அதையே அவன் சொல்வான். க்ளாஸைக் கழுவும்போது அந்தப் பேச்சையும் சேர்த்துக் கழுவிவிட வேண்டும். வீட்டு வாசல் வரை கொண்டுபோகக் கூடாது.

அன்றைக்கு மாஸ்டரைத் தனியாக அனுப்ப மனம் வராமல், பட்லரிடம் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு நானும் ராமநாதபுரம் போனேன். பெட்டியோடு அவர் எனக்குப் பின்னால் வந்தார். கதவைத் திறந்த ராக்கம்மா முதலில் என்னைத்தான் பார்த்தாள். வழக்கம்போல நல்ல சேதி கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்து, முகமெல்லாம் சிரிப்பாக, “வாங்கண்ணே” என்றாள்.