வாசலில் கட்டிய பாவு

பூட்டுக்கு அண்ணன் அடங்கவில்லை. கேட்டைப் பிடித்து உலுக்குவார். உள்ளங்கை கிழிந்தாலும் விடமாட்டார். "வூட்டுக்குப் போவணும், தொறங்க" என்பார், தன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு. மறதி நோய் முற்றி, அண்ணியையே "இந்தம்மா யாரு?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார். பூட்டினால் கை கிழியும். திறந்தால் செவிலிமேட்டின் பஸ் சாலை, அதற்கப்பால் பாலாறு. அண்ணி தூக்கத்தையே விட்டிருந்தார்.

ஒரு காலை, பாலுக்குத் திறந்த கேட்டு வழியே அண்ணன் போய்விட்டார்.

ஸ்கூட்டரில் அண்ணியை ஏற்றிக்கொண்டு முதலில் ஆற்றுப் பக்கம்தான் ஓடினேன். அங்கே இல்லை. "ஊரு சுத்துறது உங்க பொழப்பு தம்பி. தறியை வுட்டு எழுந்திருக்காத மனுசன், அவருக்கு எதுக்கு இது?" என்று முதுகுக்குப் பின்னால் அழுகையும் ஏச்சுமாக வந்தது.

ஊருக்குள், நெசவாளர் தெரு ஒன்றில் கண்டோம். நெய்வதற்கு முன் நூலைச் சீர்செய்யத் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு இழுத்துக் கட்டியிருந்தார்கள். இளவெயில் அதன்மேல் வழிந்தோடியது. அந்த ஒளியின் கரையோரமாக, விரல் நுனி பட்டும் படாமலும், அண்ணன் நடந்துகொண்டிருந்தார்.

"உங்க ஆளாபா? வந்ததுலேர்ந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துக்கினு இருக்காரு. தெருவைத் தாண்டவே மாட்டேங்கறாரு" என்றார் பாவுக்காரர். "கூலி கேட்டா குடுக்கமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

அண்ணன் நின்றார். அறுந்த இழை ஒன்று. என் கண்ணுக்குத் தெரியவேயில்லை. இரு முனைகளையும் தேடியெடுத்து விரலால் முறுக்கினார். சேர்ந்துகொண்டது. சட்டைப் பொத்தான் போட மறந்த விரல்கள்! யாரையும் தெரியாத அந்த இருட்டுக்குள் இவ்வளவு மெல்லிய ஒன்று எப்படி அறாமல் கிடந்தது?

"அண்ணா" என்றேன்.

"இருங்க சார், வேலை கெடக்குது."

அண்ணி பாவுக்காரரிடம் மிச்ச நூல் கேட்டு வாங்கினார். அன்று சாயங்காலமே அதை வீட்டு வாசலுக்குக் குறுக்கே, இடுப்பு உயரத்தில், பாவு மாதிரி பரப்பிக் கட்டினார். கதவு திறந்தே இருந்தது.

"இரும்பையே உலுக்கறவரு அண்ணி. நூலு தாங்குமா?"

"சும்மா இருங்க தம்பி. கட்டின பாவுக்குள்ள என்னைக்காவது பூந்திருக்காரா உங்க அண்ணன்?"

அண்ணன் வேகமாக வந்தார். நான் பாயத் தயாராக நின்றேன். நூலருகே அவர் கால் தானாக நின்றது. குனிந்தார். இழை இழையாகத் தடவிப் பார்த்தார். மூச்சு நிதானமானது. பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். கோயில் நடை திறக்கும்போதுகூட நான் அப்படி வாயடைத்து நின்றதில்லை.

அதன்பின் தினமும் அவர் சாப்பிடும் நேரத்தில் அண்ணி நாலைந்து இழைகளை அறுத்துவைப்பார். அண்ணன் வந்து பார்த்து, "எவன்டா இது?" என்று முணுமுணுத்துக்கொண்டே முறுக்குவார்.

போன வாரம் எனக்குச் சென்னை பஸ்ஸுக்கு அவசரம். குனிந்து நூலுக்கடியில் நுழைந்தேன். பின்கழுத்தில் சட்டையைப் பிடித்து ஒரு இழு.

"யோவ்! பாவு கட்டியிருக்குது, கண்ணு தெரியல? சுத்திப் போய்யா!"

வேறு வழி? கொல்லைப்பக்கம் போய்ப் பையை முதலில் வீசிவிட்டு, இந்த வயதில் மதில் ஏறிக் குதித்தேன். சுற்றி வந்து தெருவிலிருந்து எட்டிப் பார்த்தேன். அண்ணன் நூலோரம் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் நாற்காலியில், பாதி ஆய்ந்த கீரை மடியில் கிடக்க, வாய் திறந்தபடி அண்ணி தூங்கிக்கொண்டிருந்தார்.