மச்சாள் போன இத்தாலி

மச்சாள் தன் கைபேசியை எங்கள் சமையலறை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளிவிட்ட அந்த மத்தியானம் எனக்கு இன்னும் துல்லியமாக நினைவிருக்கிறது. ஜூலை மாதம். டென்மார்க்கில், எங்கள் ஊரான விபோர்க்கில், அப்படி வெயில் எறிப்பது வருடத்தில் சில நாட்கள்தான். யன்னலைத் திறந்து வைத்து நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். மிலானுக்கு ஒரு விமான டிக்கெட். போவதற்கு மட்டும். திரும்பி வருவதற்கு எதுவும் இல்லை.

மச்சாள் என்றால் என் கணவரின் ஒரே தங்கச்சி; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். என்னைவிட ஏழு வயது இளையவள். ஓல்போர்க்கில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். கலியாணம் ஆறு வருடத்தில் முறிந்துபோனது, பிள்ளைகள் இல்லை. இரண்டு அறை வீட்டில் தனியே இருந்தாள். மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் எங்களிடம் வந்து, சாப்பிட்டு, என் மகளோடு கதைத்துவிட்டுப் போவாள். அவளைப் பற்றி நான் அதிகம் யோசித்ததே இல்லை. பாவம் தனிய இருக்கிறாள் என்று நினைப்பேன், அவ்வளவுதான். அப்படி நினைப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

"நாளைக்குப் போறன் மச்சாள். சேர்த்து வைச்ச லீவு எல்லாம் எடுத்திட்டன். அஞ்சு கிழமை."

"ஆரோடை?"

"ஒருத்தரோடையும் இல்லை. தனியத்தான்."

"மிலானிலை எங்கை நிக்கப்போறீர்?"

"முதல் ரெண்டு நாளைக்கு ஒரு இடம் எடுத்திருக்கிறன். பிறகு பாப்பம்."

பிறகு பாப்பம் என்ற அந்த இரண்டு சொற்களும் என் நெஞ்சில் குத்தின. ஏனென்றால் இத்தாலி என்னுடையது. அப்படித்தான் நான் நம்பியிருந்தேன். டென்மார்க்குக்கு வந்த முதல் குளிர்காலத்தில், அகதி முகாமின் சாப்பாட்டு அறையில் ஒரு நாட்காட்டி தொங்கியது. அதில் ஒரு மாதத்தின் படத்தில் எலுமிச்சை மரங்களும் கீழே நீலக் கடலும் இருந்தன. இது எங்கே என்று கேட்டேன், இத்தாலி என்றார்கள். அன்றிலிருந்து நான் இத்தாலிக்குப் போய்க்கொண்டே இருந்தேன், வீட்டை விட்டு நகராமல். நூலகத்தில் வழிகாட்டிப் புத்தகங்கள் எடுத்தேன். ஒரு குளிர்காலம் முழுவதும் மாலை வகுப்புக்குப் போய் இத்தாலிய மொழிகூடப் படித்தேன். எந்த நாள் எந்த ஊர், எந்த ரயில், எந்தத் தேவாலயம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்றெல்லாம் எழுதி ஒரு கோவை வைத்திருந்தேன். ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது ஒன்று வரும். ஒருமுறை கணவருக்கு முதுகுவலி. ஒருமுறை ரொறன்ரோவில் கலியாண வீடு. ஒருமுறை மகளின் பள்ளிச் சோதனை. அடுத்த வருசம் என்று சொல்லிச் சொல்லியே கோவை தடித்துப்போனது.

மச்சாளுக்கு இத்தாலிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அவள் தோளில் கொழுவிக்கொண்டு வந்த பை, விளையாட்டு உடுப்புக் கடையில் முதல் நாள் வாங்கியது. அதிலிருந்த விலை அட்டையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

அவள் போன பிறகு எங்கள் குடும்பக் குழுவில் ஒவ்வொரு காலையிலும் அவளுடைய குரல் பதிவு வரத் தொடங்கியது. அந்தக் குழுவில் நாங்கள் நாலு பேர்தான்: கணவர், மகள், மச்சாள், நான். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் நூற்றுக்கணக்கான உருளைக்கிழங்குகளுக்கும் பிரவுண் சோஸுக்கும் நடுவில் நின்று, இயர்போனைக் காதில் செருகியபடி நான் அதைக் கேட்பேன். மிலானில் மழை பெய்ததால் வந்த முதல் ரயிலில் ஏறிவிட்டாளாம், அது பொலோனியாவுக்குப் போனதாம். பொலோனியாவில் இறங்கின இடம் பிடித்திருந்ததால் நாலு நாள் நின்றாளாம். புளோரன்ஸில் அறை கிடைக்கவில்லை, கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதி ஒன்றில் படுக்கை தந்தார்களாம். பிறகு பெயர் தெரியாத ஊர்கள். ஒரு கிழவர் அவளுக்கு அத்திப்பழம் கொடுத்தார். ஒரு பஸ் சாரதி கடைசித் தரிப்பிடத்தில் இறக்கிவிட்டுத் தன் தாயின் வீட்டைக் காட்டினார். நான் எழுதி வைத்த எந்த இடத்துக்கும் அவள் போகவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. அவள் என் இத்தாலியைப் பார்த்திருந்தால்கூட, நான் அதைத் திருத்தலாம், அங்கே இதையும் பார்த்தீரோ என்று கேட்கலாம். அவள் போன இத்தாலியில் எனக்கு ஒரு மூலைகூடத் தெரியாது.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் நிற்கும் ஊரின் காலநிலையைக் கைபேசியில் பார்ப்பேன். மழை என்று போட்டிருந்தால் அன்றைக்கு எனக்கு வேலை இலகுவாக ஓடும்.

மூன்றாவது கிழமை ஒரு பதிவு வந்தது. நேப்பிள்ஸிலிருந்து தெற்கே போகும் ரயில், கடற்கரையில் நின்று, பெட்டி பெட்டியாகக் கழற்றப்பட்டு ஒரு கப்பலுக்குள் ஏற்றப்பட்டதாம். "ரயிலுக்குள்ளை இருந்துகொண்டே கடலைத் தாண்டிறன் மச்சாள், நீங்கள் இதைப் பாக்கோணும்" என்று சொன்னாள். பின்னால் இயந்திரச் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டது. குழுவில் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாளே என்று நான் நெகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கு அது நக்கல் போலக் கேட்டது.

அன்று பின்னேரம் மகள் தானும் மாமியிடம் போகப்போவதாகச் சொன்னாள். அந்த ஜூன் மாதம்தான் அவள் பள்ளிப் படிப்பை முடித்து, இங்கே பள்ளி முடித்தவர்கள் போடும் வெள்ளைத் தொப்பியைப் போட்டிருந்தாள். தனியே ஒரு பொம்பிளைப் பிள்ளை எப்படிப் போவது என்றேன். வழக்கம்போல அவள் டேனிஷில் பதில் சொன்னாள். மாமியும் பொம்பிளைதானே என்றாள். நான் மேலும் ஏதோ சொல்ல, அவள் குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "உங்களுக்குத் துணிவு இல்லையென்றால் எல்லாரும் வீட்டில் இருக்க வேண்டுமா, அம்மா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. எங்கள் தமிழ்ச் சபை வாடகை மண்டபம் ஒன்றில் கூடும். ஆராதனை முடிந்து, ஜெப விண்ணப்பங்களுக்கான நேரம் வரும். யாருக்காவது சுகமில்லை, யாருக்காவது விசா, யாருக்காவது வேலை என்று எழும்பிச் சொல்வார்கள். மச்சாளும் அந்தச் சபைதான். மாதத்தில் ஒரு ஞாயிறு ஓல்போர்க்கிலிருந்து வந்து முன்வரிசையில் நின்று பாடுவாள். நல்ல குரல். நான் எழும்பினேன். என் மச்சாளுக்காக ஜெபியுங்கோ என்றேன். "தனிய எண்டு சொல்லித்தான் இத்தாலிக்குப் போனவ. ஆரோடை போயிருக்கிறா எண்டு எங்களுக்கு ஒண்டும் தெரியாது. கர்த்தர்தான் அவவைக் காப்பாத்த வேணும்."

அவள் தனியேதான் போயிருக்கிறாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஜெப விண்ணப்பமாகச் சொன்னதால் அது பொய் போல எனக்கே கேட்கவில்லை. கண்ணை மூடி எல்லாரும் ஆமென் சொன்னார்கள். தேநீர் நேரத்தில் மூன்று பெண்கள் என் கையைப் பிடித்து, அந்தப் பெடியன் எந்த நாட்டுக்காரன் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அப்போதாவது பெடியன் ஒருவரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

இரண்டு நாளில் பாஸ்டர் என் கணவருக்குத் தொலைபேசி எடுத்தார். கணவர் பஸ் ஓட்டுபவர், சத்தம் போடத் தெரியாத மனிதர். அன்றைக்கு முகம் கறுத்துப்போய், மேசையில் கைபேசியை வைத்துத் தங்கச்சியை அழைத்தார். அவள் அப்போது பலெர்மோவில் நின்றாள்.

"சனம் என்ன கதைக்குது தெரியுமோ? உடனை வெளிக்கிட்டு வா."

"என்ன கதைக்குது அண்ணை?"

அவர் சொன்னார்.

"ஆர் சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏற்கனவே துடைத்த மேசையைத் திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆரோ," என்றார்.

"சரி அண்ணை," என்றாள் மச்சாள். அவ்வளவுதான். அதன் பிறகு காலையில் குரல் வரவில்லை.

பதினொரு நாள். கணவர் அழைத்தால் மணி அடிக்கும், அவள் எடுக்கமாட்டாள். பிறகு மணியும் அடிக்கவில்லை. மகள் இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிட்டாள். சபையில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி சொல்லியிருக்கிறாள். என் அறை வாசலில் நின்று, எனக்குப் பொறாமை என்பதை டேனிஷில் ஒற்றைச் சொல்லில் சொன்னாள். தமிழில் சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். அந்தச் சொல் டேனிஷில், வைத்தியர் ஒரு நோயின் பெயரைச் சொல்வது போல இருந்தது. மச்சாளுக்கு ஏதாவது நடந்திருந்தால் என்று அந்தப் பதினொரு நாளும் பயந்தேன். அந்தப் பயத்துக்குள்ளேயும், அவள் இப்போது எந்தக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ என்ற எரிச்சல் அணையாமல் கிடந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருந்தன என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பன்னிரண்டாவது நாள் கணவருக்கு ஒரு வரி வந்தது: சுகமாய் இருக்கிறன், சனிக்கிழமை வீட்டை வந்திடுவன். அவள் வந்து மூன்றாம் நாள் நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தனியே ஓல்போர்க்குக்குப் பஸ் ஏறினேன். கதவைத் திறந்தாள். வெயிலில் கறுத்து, மெலிந்து, முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். தேத்தண்ணி போட்டுத் தந்தாள். நான் குடிக்காமலே சொன்னேன்.

"நான்தான் சொன்னனான்."

"தெரியும் மச்சாள். அண்ணை ஆரோ எண்டு சொல்லேக்கையே தெரியும். அவருக்குப் பொய் வராது."

"எனக்கு விசர். நான் போகவேண்டிய இடம் எண்டு நினைச்சிட்டன்."

"போயிருக்கலாமே. ஆர் உங்களை மறிச்சது?"

அவள் அதைக் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். நான் முதுகுவலி, கலியாண வீடு, சோதனை எல்லாவற்றையும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

"உங்கடை வாயாலை கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இத்தாலி தெரியும்," என்றாள் பிறகு. "வேறை நாடு ஒண்டும் எனக்கு ஞாபகம் வரேல்லை." முதல் கிழமையில், பொலோனியாவில் அறையை விட்டு வெளியே போகப் பயந்து அழுததைச் சொன்னாள். குரல் பதிவில் அது எதுவும் இருக்கவில்லை. நாலு நாள் நின்றது இடம் பிடித்ததால் அல்லவாம். பலெர்மோவில் அண்ணையின் அழைப்புக்குப் பிறகு கைபேசியை எடுக்காமல் விட்டு, கடைசியில் அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டாளாம். "ஒவ்வொரு நாளும் உங்களுக்கு என்ன சொல்லலாம் எண்டு யோசிச்சுக்கொண்டே திரிஞ்சனான். அது நிண்ட பிறகுதான் எனக்கெண்டு பாத்தன். அந்தப் பதினொரு நாள்தான் நல்ல நாள்."

மன்னிப்புக் கேட்கப் போனவள் நான். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு நெஞ்சு எரிந்தது. நான் செய்த கெடுதலும் அவளுக்கு நல்லதாகத்தான் போயிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து, சபையில் அதே விண்ணப்ப நேரத்தில் எழும்பி, நான் முன்பு சொன்னது பொய் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். யாரும் தாங்கள் நம்பியதை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. மச்சாள் அதற்குப் பிறகு அந்த மண்டபத்துக்கு வரவேயில்லை. ஓல்போர்க்கில் ஒரு டேனிஷ் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தாள். முன்வரிசையில் அவளுடைய குரல் இருந்த இடத்தை நிரப்ப இன்றுவரை ஆள் இல்லை. அதற்கு நான் பொறுப்பு. எங்கள் வீட்டுக்கு மட்டும் முன்போல வந்தாள்.

இரண்டு குளிர்காலங்களுக்குப் பிறகு, வேலைக்குப் போகும் வழியில் அவளுடைய சைக்கிள் உறைபனியில் வழுக்கியது. இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டு சத்திரசிகிச்சைகள். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறாள், தொழிற்சாலை வேலையும் போய்விட்டது. மாடிப்படி கண்டால் நின்று மூச்சு வாங்குகிறாள்.

போன செப்டெம்பரில் நான் இத்தாலிக்குப் போனேன். கணவரோடு, ஏழு நாள், எல்லாம் முற்பதிவு செய்து. ரயில் நேரத்துக்கு வந்தது, அறை சுத்தமாக இருந்தது, ஓவியங்கள் இருக்க வேண்டிய சுவரில் இருந்தன. ஒன்றும் பிழையாகப் போகவில்லை. எனக்கு ஒவ்வொரு ஊரிலும் மச்சாள்மேல் பொறாமையாக இருந்தது. அவளுக்கு யாரோ அத்திப்பழம் கொடுத்தார்கள். எனக்கு ரசீதுதான் கிடைத்தது.

ஐந்தாம் நாள் புளோரன்ஸில், கால் வீங்கிக் கணவர் அறையில் படுத்துவிட்டார். நான் கடைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு நிலையத்துக்கு நடந்தேன். புறப்பட நின்ற சிறிய ரயில் ஒன்றில் ஏறினேன். என் முன்னால் பெரிய வத்தகப்பழம் ஒன்றை மடியில் வைத்தபடி ஒரு பெண் இருந்தாள். அவள் இறங்கிய இடத்தில் நானும் இறங்கினேன். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பூட்டிய ஒரு சலூன், ஒரு மதில், நிழலில் படுத்திருந்த நாய். நிலையத்துக்கு எதிரே ஒரு கோப்பிக் கடை வாசலில் கதிரையில் இருந்தேன், கடைப் பெண் நான் கேட்காமலே ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு மணித்தியாலம் அந்தக் கதிரையில் இருந்தேன். நான் எங்கே இருக்கிறேன் என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பதை நினைக்க நினைக்கக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தனிய வந்திட்டன்," என்றேன். "ரயிலிலை ஏறி, சும்மா ஒரு ஊரிலை இறங்கிட்டன்."

"எந்த ஊர்?"

நிலையத்துப் பலகை எனக்கு நேர் எதிரே இருந்தது. எழுத்துகள் பெரிதாக இருந்தன. நான் வாசித்துச் சொல்லவில்லை.

"சின்ன ஊர்," என்றேன்.

"கடல் தெரியுதோ?"

"இல்லை."

"அப்ப என்ன இருக்கு அங்கை? ஊருக்கு என்ன பேர் மச்சாள்?"

அந்தக் குரலில் இருந்தது எனக்கு மிகவும் பழக்கமான ஒன்று. உருளைக்கிழங்குகளுக்கு நடுவில் நின்று எத்தனை காலை அதோடு இருந்திருக்கிறேன். அவள் தன் இரண்டு அறை வீட்டில், ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு இதைக் கேட்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். அவளுக்காக என் மனம் இளகியது, அது உண்மை. ஆனாலும் ஊரின் பெயரை நான் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அவள் இரண்டாம் முறை கேட்டபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது.