இன்னொரு தடவை சொல்லுங்க

போடிமெட்டுச் சாலையின் ஒன்பதாவது வளைவில் ஜீப்பு பஞ்சர் ஆனது. டிரைவர் சுருளிவேல் ஸ்டெப்னி மாட்டுவதற்காக எல்லோரையும் இறங்கச் சொன்னார். இறங்கியவர்களில் அனுசியாவும் ஒருத்தி. மழை பெய்து ஓய்ந்த காலை. சாலையோரக் கல்லில் கால் வைத்தவள் பாசியில் வழுக்கி, கணுக்கால் பிரண்டு உட்கார்ந்துவிட்டாள். கல் உரசி இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்தது.

அனுசியாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. விடியும் முன்னே போடியில் ஜீப்பு ஏறி, பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஏலக்காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்கி வருவதுதான் பதினாறு வருடமாக அவள் சோலி. பிறவியிலேயே காது கேட்காது. மதுரையில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் தங்கி எட்டாம் வகுப்பு வரை படித்தவள். சைகை மொழியைக் கற்றது அங்கேதான். அதற்குப் பிறகு போடியிலும் மலையிலும் பார்த்த மனிதர்களோடு பேசிப் பேசி அவள் கைகள் வேறு மாதிரி ஆகியிருந்தன. கணவன் பால்ராஜ் தோட்டத்து ஸ்டோரில் காய் உலர்த்துகிறவன். வாரக் கடைசியில்தான் கீழே வருவான். வீட்டில் அவளுக்குத் துணை நாத்தனார் மொக்கம்மாள்.

அனுசியா கையால் சொன்னதை எல்லாம் இங்கே வாயால் சொன்னது போலவே எழுதுகிறேன். அவளே அப்படித்தான் எழுதச் சொன்னாள்.

மேலே இருந்து இறங்கி வந்த வேறொரு ஜீப்பில் சுருளிவேல் அவளை ஏற்றிவிட்டார். அந்த டிரைவர் போடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கிவிட்டுப் போய்விட்டார். மொக்கம்மாள் அன்று ராசிங்காபுரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள்.

நர்சு ஒருத்தி டேப்லெட் ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலுக்கு முன்னால் நிறுத்தினாள். அந்த ஆஸ்பத்திரியில் அந்த ஏற்பாடு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மதுரையில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் திரையில் வருவார். நோயாளி கையால் சொல்வதைப் பார்த்து டாக்டருக்கு வாயால் சொல்வார். திரையில் ஒரு பெண் வந்து வணக்கம் சொன்னாள். என்ன ஆச்சு என்று கையால் கேட்டாள்.

அனுசியாவுக்கு வலி பாதி குறைந்தது போல இருந்தது. எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் அவளைப் பார்த்து நேராக அப்படிக் கேட்டதில்லை. கூட வந்தவரிடம்தான் கேட்பார்கள். அவள் வேகமாகச் சொன்னாள். மலைச்சாலைக்கு அவள் பக்கத்து ஆட்கள் காட்டுவது, கையை வளைத்து வளைத்து மேலே கொண்டு போவது. இறங்கியதற்கு இரண்டு விரலை மடக்கிக் கால் மேல் குதிக்க வைத்தாள். பிறகு கணுக்காலைத் தொட்டு முகத்தைச் சுளித்தாள்.

திரையில் இருந்தவள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு டாக்டரிடம் எதையோ சொன்னாள். டாக்டர் உடனே எழுந்துவிட்டார்.

அன்று முழுக்க ஒரு மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்தார்கள். கண்ணாடிக் குழாயில் விட்டு, உறைகிறதா என்று பார்த்தார்கள். காலை அசைக்கவே கூடாது என்றார்கள். நல்ல ஆஸ்பத்திரி, நன்றாகக் கவனிக்கிறார்கள் என்றுதான் அனுசியா நினைத்தாள்.

மறுநாள் காலையில் மொக்கம்மாள் ஓடி வந்தாள். நர்சிடம் பேசிவிட்டு அனுசியாவின் பக்கம் திரும்பினாள். ஒரு கையைப் படம் போல விரித்து ஆட்டிக் காட்டினாள்.

"எங்க வச்சு ஆத்தா கடிச்சுச்சு? நல்லதா, விரியனா?"

"எது கடிச்சது?" என்றாள் அனுசியா. "யாரை?"

கொஞ்ச நேரம் ஆனது இருவருக்கும் விளங்க. மொக்கம்மாள் டாக்டர் அறைக்குப் போய், "அய்யா, பாம்பும் இல்ல பல்லியும் இல்ல. ஜீப்புல இருந்து இறங்கையில கால் பிரண்டிருக்கு. நேத்துல இருந்து அதத்தான் சொல்லியிருக்கா" என்றாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். கணுக்கால் எலும்பில் கீறல். மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் ஊன்றக் கூடாது என்று அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த அனுசியா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. கால் வலிதான் என்று மொக்கம்மாள் நினைத்தாள். அது இல்லை. "நேத்து ஒரு ஆளுகிட்ட நான் பேசினேன்னு நினைச்சு சந்தோசமாப் படுத்திருந்தேன்" என்றாள் அனுசியா. "ஒண்ணுமே பேசலை."

ஒன்பது நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரையிலிருந்து காலை ரயிலில், திரையில் வந்த அந்தப் பெண்ணே வந்து இறங்கினாள். பெயர் கார்முகில். முப்பத்திரண்டு வயது. செல்போன் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவள், கடைக்கு வந்த காது கேளாதவர்களோடு பேச ஆசைப்பட்டு வேலையை விட்டு இரண்டு வருடம் சைகை மொழிபெயர்ப்புப் படித்தவள். ஆஸ்பத்திரியில் இருந்து விஷயம் தெரிந்ததும் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தாள். அது போதும் என்றார்கள். அவளுக்குப் போதவில்லை.

மொக்கம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, பாம்புன்னுட்டியே, நெசமாவே பாம்புக்கு மருந்து ஏத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"தப்புத்தான்கா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

உள்ளே அனுசியா காலை நீட்டிக் கட்டிலில் இருந்தாள். கார்முகில் தரையில் உட்கார்ந்து கையால் மன்னிப்புக் கேட்டாள். அனுசியா அதைக் கண்டுகொள்ளவில்லை.

"நான் சொன்னது உனக்குப் புரிஞ்சதா, புரியலையா? அத மட்டும் சொல்லு."

"பாதி புரிஞ்சது. சந்தேகமா இருந்துச்சு."

"அப்ப ஏன் திரும்பக் கேக்கலை?"

கார்முகில் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எடுத்தாள். "டாக்டர் காத்துக்கிட்டு நின்னாரு. ரெண்டாவது தடவை கேட்டா, இவளுக்கு ஒண்ணும் தெரியலைன்னு நினைப்பாங்கன்னு பயந்துட்டேன். காலு வேற வீங்கியிருந்துச்சு. ரெண்டு இடத்துல ரத்தம். நீங்க கையை வளைச்சது பாம்பு ஊர்ற மாதிரியும், மடக்கின விரல் பல்லு மாதிரியும் பட்டுச்சு. பாம்புன்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

அந்தப் பதிலில் பொய் இல்லை என்று அனுசியாவுக்குப் பட்டது. "எதைப் பாத்துப் படிச்சே நீ?" என்று கேட்டாள்.

கார்முகில் தன் போனில் இருந்த பயிற்சி வீடியோக்களைக் காட்டினாள். நீலத் திரைக்கு முன்னால் இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் நின்றார். 'எனக்கு இரண்டு நாட்களாகக் காய்ச்சல். நான் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.' ஒவ்வொரு சைகைக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டார். அடுத்த வீடியோவிலும் அவரே. வயிற்று வலி. அதற்கடுத்ததிலும் அவரே. மொத்தம் முப்பது இருந்தன. பள்ளிக்கூடம், வங்கி, காவல் நிலையம் என்று. ஆட்கள் என்னவோ இரண்டே பேர்தான்.

அனுசியா ஆறு வீடியோ பார்த்தாள். ஏழாவதில் சிரித்துவிட்டாள்.

"இவருக்கு உடம்புல ஒரு இடத்துலயும் வலியே இல்லை" என்றாள். "வலி இருக்கறவன் இப்படியா சொல்லுவான்? இதப் பாத்துப் படிச்சிட்டு எங்களப் பாத்தா எப்படிப் புரியும்?" கட்டுப் போட்ட காலைக் காட்டினாள். "என்னை எடு. கால் கட்டு அவுக்கற வரைக்கும் எனக்குச் சோலி இல்லை."

அடுத்த ஞாயிறு கார்முகில் மறுபடி வந்தபோது அனுசியா கல்யாணப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்து, சுவரை ஒட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கார்முகில் போனை எதிரே வைத்து வீடியோவை ஓட விட்டதும் மெதுவாக, அழகாகச் சொன்னாள். கீழே விழுந்தது, ஆஸ்பத்திரி, மாவுக்கட்டு. கார்முகிலுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"எல்லாம் புரியுது. நல்லா இருக்கு" என்றாள் கார்முகில். சொல்லும்போதே அவள் முகம் விழுந்துவிட்டது. அனுசியாவும் அதைப் பார்த்தாள். நீலத் திரைக்காரர் மாதிரியே பேசியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மொக்கம்மாள் உள்ளே வந்து, கேஸ் சிலிண்டருக்குப் பதிந்தாயா என்று கையை ஆட்டிக் கேட்டாள். போன வாரமே பதியச் சொன்னது உன்னிடம்தானே என்று அனுசியா திரும்பினாள். பேச்சு பெரிதானது. பழைய மிக்சி, பால்ராஜ் வாங்கி வந்த வாழைத்தார், போன பொங்கலுக்கு எடுத்த சேலை எல்லாம் அதற்குள் வந்தன. இரண்டு நிமிடம் ஓடிய சண்டையைப் போன் முழுசாகப் பிடித்து வைத்திருந்தது. கார்முகில் அதை நான்கு தடவை ஓட்டிப் பார்த்தாள். பாதிதான் பிடிபட்டது.

"இதுதான் வேணும்" என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. அனுசியா பட்டைக் கழற்றி வைத்துவிட்டு நைட்டியில் உட்கார்ந்து பேசினாள். கீரை ஆய்ந்துகொண்டே ஒரு கையால் பேசினாள். ரேசன் கடையில் விரல் ரேகை விழாமல் திருப்பி அனுப்பிய கதையைக் கோபமாகச் சொன்னாள். தோட்டத்தில் மலையாளக் கங்காணி 'வேகம், சேச்சி' என்று வாயசைப்பதை நடித்துக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் பொருள் என்ன என்று கார்முகில் தனித் தாளில் எழுதினாள். எழுதியதை அனுசியா பார்த்துத் திருத்தினாள். 'வருத்தம்' என்று எழுதியிருந்த இடங்களில் பெரும்பாலும் 'எரிச்சல்' என்று மாற்றினாள்.

இன்னொரு யோசனையும் அவளுடையதுதான். ஒவ்வொரு விஷயத்தையும் அவள் இரண்டு முறை சொல்லிப் பதிந்தாள். முதல் தடவை அவள் இயல்பில். இரண்டாவது, எதிராளிக்குப் புரியவில்லை என்றால் எப்படி வேறு விதமாகச் சொல்வாளோ அப்படி.

"படிக்கறவங்களுக்கு முதல்ல ஒண்ணை மட்டும் காட்டு" என்றாள். "புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்கன்னு யார் கேக்கறாங்களோ, அவங்களுக்கு மட்டும் ரெண்டாவதைக் காட்டு. கேட்டதுக்கு மார்க்கும் குடு."

கால் கட்டு அவிழ்ந்து தோட்டத்துக்குப் போகத் தொடங்கியதும், மேலே லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், இருந்த ரோஜாவிடம் பேசினாள். ரோஜாவுக்கும் காது கேட்காது. பள்ளிக்கூடம் போனதே இல்லை. அவள் வீட்டார் மட்டுமே அறிந்த சைகைகள்தான் அவள் மொழி. இந்தப் படங்களை நமக்குத் தெரியாத ஆட்கள் பார்ப்பார்கள், சம்மதமா என்று அனுசியா மூன்று நாள் விளக்கினாள். ரோஜா ஒப்புக்கொண்டு ஐந்து கதைகள் சொன்னாள். அதில் பிரசவ வார்டுக் கதையைப் பதிந்த பிறகு, வேண்டாம் என்று தலையாட்டினாள். அவள் கண் முன்னாலேயே அதை அழித்தார்கள்.

நாற்பத்தொரு வீடியோ சேர்ந்ததும் கார்முகில் தான் படித்த பயிற்சி மையத்துக்குக் கொண்டு போனாள். அங்கே பாடம் வகுக்கும் மகாராஜன் பத்து வீடியோ பார்த்துவிட்டு, "இதுல பாதி சைகை தப்பும்மா. பாடத்துல இருக்கற மாதிரி இல்லை. பசங்க குழம்பிருவாங்க" என்றார்.

இதைக் கேட்ட அனுசியா ஒரு நாள் லீவு போட்டு ரயில் ஏறினாள். கார்முகில் பக்கத்தில் நின்று அவள் பேச்சுக்குக் குரல் கொடுத்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க உங்க பாடத்தைப் படிச்சிட்டா வருவாங்க?" என்று அனுசியா கேட்டாள். "தப்புன்னே வச்சுக்கங்க. தப்பாப் பேசறவளுக்குக் கால் உடையாதா?"

மகாராஜன் நியாயமான மனிதர். வகுப்பில் ஒன்றைக் காட்டிப் பார்ப்போம் என்றார்.

பதினெட்டுப் பேர் இருந்தார்கள். ரேசன் கடைக் கதையைப் போட்டார்கள். விளங்கியதை எழுதச் சொன்னார்கள். ஒருவர் கல்யாணம் என்று எழுதியிருந்தார். ஒருவர் திருட்டு. நான்கு பேர் விரலில் காயம். யாருமே இன்னொரு தடவை கேட்கவில்லை. அனுசியா எழுந்து முன்னால் போய், அந்தத் தாள்களை வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாரையும் திட்டவில்லை.

"உங்களுக்குப் புரியலைன்னா எனக்குக் கோவம் வராது" என்றாள். "எங்க வீட்டு ஆளுகளுக்கே பாதி புரியாது. திரும்பக் கேட்டா, இவங்களுக்கு நான் சொல்றது வேணும்போலன்னு நினைப்பேன். கேக்காம நீங்களா ஒண்ணைச் சொன்னாத்தான், நான் அங்க இல்லாத மாதிரி ஆயிருது."

கடைசி பெஞ்சில் இருந்த ஜோதி என்ற பெண் மெதுவாகக் கையைத் தூக்கினாள். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று சைகையில் கேட்டாள். அனுசியா வீடியோவைப் போடவில்லை. நேராக அவளைப் பார்த்து, அங்கேயே மறுபடி சொன்னாள்.

அந்த வீடியோக்கள் இப்போது அந்த மையத்தில் இரண்டாம் வருடப் பாடத்தில் இருக்கின்றன. எல்லாருக்கும் பிடித்துவிடவில்லை. மார்க்கு குறைகிறது என்று புகாரும் வந்தது. நீலத் திரை வீடியோக்களையும் எடுத்துவிடவில்லை. முதல் வருடம் அதைப் பார்க்கிறார்கள். தொடங்கும்போது அதுவும் வேண்டியதுதான் என்று அனுசியாவே சொன்னாள்.

இந்த வருடம் மாசியில் ரோஜாவுக்குக் கண்ணில் ஏதோ பட்டுச் சிவந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் திரையில் வந்தது ஜோதி. ரோஜா லயத்துக்குத் திரும்பியதும் அனுசியாவை இழுத்து உட்கார வைத்து அந்தக் கதையைச் சொன்னாள். கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூணு தடவை கேட்டாள், மூணு தடவை, என்று விரலை நீட்டி நீட்டிக் காட்டினாள். டாக்டரைக் கூடக் காத்திருக்கச் சொன்னாளாம்.

போன மாதம் பொட்டிபுரத்திலிருந்து கன்னையன் என்பவர் அனுசியாவைத் தேடி வந்தார். ஆடு மேய்க்கிறவர், அறுபதைத் தாண்டியவர், காது கேளாதவர். வலது கையில் இரண்டு விரல் இல்லை. வீடியோ எடுக்கிறார்களாமே, என்னையும் எடுங்கள் என்றார். அவர் சைகை அனுசியாவுக்கே கால்வாசிதான் பிடிபட்டது. கார்முகில் போனை அவர் எதிரே வைத்துப் பதியத் தொடங்கினாள். பெயர் என்ன, என்ன வேலை என்று அனுசியா கேட்டாள்.

கன்னையன் ஆட்டிலிருந்து தொடங்கினார். மழை, ஓநாய், பெண்டாட்டி, மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை என்று போனார். முக்கால் மணி நேரத்தில் போனில் இடம் தீர்ந்துவிட்டது. கார்முகில் அதைக் காட்டி அவரை நிறுத்தப் பார்த்தாள். அனுசியா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். கன்னையன் பேசிக்கொண்டே இருந்தார்.