‘வசதியுண்டு’ என்று நான் எழுதினேன்

முதலில் வந்தது இருமல் அல்ல, சாயங்காலச் சூடு. நாலு மணியானால் கன்னம் எரியும். விளக்கு வைக்கும் நேரத்தில் முதுகு குளிரும். ஊரார் வாயிலெல்லாம் தர்மாமீட்டர் வைக்கிற நான், என் வாயில் வைத்துப் பார்க்க இரண்டு மாதம் மெனக்கெடவில்லை. நர்சுக்கு நோய் வராது என்றொரு திமிர் எங்களுக்கு உண்டு.

ஒரு நாள் கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்தபோது இருமினேன். துணியில் ரத்தம். சட்டென்று சுருட்டி மறைத்தேன். நோயாளிகள் இதைச் செய்தால் நான் திட்டுவேன்.

எங்கள் டாக்டர் நெய்யாற்றின்கரைக்காரர். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எஸ்தரே, இடது பக்கம் மேலே ஒரு குழி. இனி டியூட்டி இல்லை. கிடக்கணும்” என்றார். குழி என்றால் காசநோய்க் கிருமி நுரையீரலைத் தின்று உண்டாக்கிய வெற்றிடம். அதுவரை பலருடைய படத்தில் பார்த்த குழி.

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் இருந்த காசநோய் வார்டில் ஜன்னலோரக் கட்டில் தந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்துப் பனையேறி ஒருவரின் மனைவி, செல்லம்மை, கிடந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். இரண்டு நுரையீரலும் கெட்டிருந்தன. அவளை நான் முன்பே பார்த்திருந்தேன். அவளுக்கு என்னை நினைவில்லை. சீருடையைக் கழற்றிவிட்டால் நர்சும் யாரோ ஒருத்திதான்.

எட்டு மாதத்துக்கு முன் அவள் வெளிநோயாளி வாசலுக்கு வந்திருந்தாள். அப்போது ஸ்ட்ரெப்டோமைசின் (காசக்கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) எங்களுக்கு அரிதாகத்தான் வரும். ஏழைகளுக்கு மட்டும் இலவசம். எங்கள் ஊர் மலையாள சர்க்காரின் கீழ் இருப்பதால் அதற்கொரு மலையாளப் படிவம். அதில் ‘கண்ணால் கண்ட நிலை’ என்றொரு கட்டம். மலையாளம் எழுதத் தெரியும், கையெழுத்தும் நன்றாக இருக்கும் என்று அந்த வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். வாசலில் நின்று ஆளை மேலும் கீழும் பார்த்து வசதியுண்டு, வசதியில்லை என்று எழுத வேண்டும். நானும் கொஞ்சம் பெருமையாகவே எழுதினேன்.

செல்லம்மை அன்று வெளுத்த சேலை உடுத்து, காதில் தங்கப் பாம்படம் ஆட வந்தாள். தோள் வரை தொங்கும் கனத்த நகை அது. நான் வசதியுண்டு என்று எழுதினேன். மருந்தை வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆஸ்பத்திரிக்கும் சர்க்கார் கச்சேரிக்கும் போகிற பெண் மூளிக்காதோடு போகமாட்டாள், அண்டை வீட்டிலாவது இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் போவாள் என்பது எனக்குத் தெரியாதா? என் அம்மையே அப்படிப் போனவள்தான். பேனாவைப் பிடித்த கையோடு அதை மறந்துவிட்டேன்.

எனக்குச் சிகிச்சை தொடங்கியது. வாரம் ஒருமுறை விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி குத்தி, நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றை ஏற்றுவார்கள். கெட்ட நுரையீரல் அந்தக் காற்றில் நசுங்கி, அசையாமல் ஓய்வெடுக்கும். ஸ்ட்ரெப்டோமைசினுக்கு டாக்டர் மேலிடத்துக்கு ஒரே ஒரு கடிதம் எழுதினார். ஆஸ்பத்திரிச் சிப்பந்தி என்று மருந்து வந்துவிட்டது. என் காதையும் கழுத்தையும் யாரும் பார்க்கவில்லை.

செல்லம்மைக்கும் மறுபடி எழுதிப்போட்டார்கள். பழைய படிவம் கூடவே போனதால், முன்பு வசதியுண்டு, இப்போது எப்படி இல்லை என்று விசாரணை வந்தது. பகுதிக் கச்சேரி என்கிற கிராம வருவாய் அலுவலகத்திலிருந்து பதில் வரவேண்டும். வரவில்லை.

“என் ஊசியில் பாதியை அவளுக்குப் போடுங்கள்” என்று டாக்டரிடம் கேட்டேன்.

“பாதி மருந்தில் கிருமி சாகாது, பழகிப் போகும். ரெண்டு பேருக்கும் பலனில்லை. நீ நர்சல்லவா, தெரியாதா?” என்றார்.

தெரியும். தெரிந்துதான் கேட்டேன். அவர் மறுத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கக்கேடு, ஆனாலும் எழுதுகிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு நிம்மதி வந்திருந்தால் நீங்கள் தனியாக இல்லை.

ஒரு மத்தியானம் அவளாகவே அந்தப் பாம்படத்தைப் பற்றிச் சொன்னாள். “அது எனக்க மதினிக்க பாம்படம் அக்கா. காலத்தே வாங்கிட்டுப் போனேன், அந்திக்குத் திருப்பிக் குடுத்தேன். அதை இட்டுட்டு வந்ததுக்கா மருந்து இல்லேண்ணு சொன்னாவ?”

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. “எழுதினது நான்தான் செல்லம்மை” என்றேன்.

அவள் கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள். “கண்டதை எழுதினிய. செரி. இது ஒனக்க சொந்தமாண்ணு ஒரு வார்த்தை கேட்டிருக்கப்பிடாதா?”

நான் அழுதேன். அவள் அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு என்னிடம் பேசவேயில்லை. கஞ்சியை எடுத்து நீட்டினால் மட்டும் வாங்கிக்கொள்வாள். அதுவும் சில நாள்தான். ஒரு காலையில் ரத்தம் பொங்கி வந்து, ஆள் கூப்பிடுவதற்குள் போய்விட்டாள். கட்டிலைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அன்றைய ஊசி வந்தது. இடுப்பைக் காட்டிக்கொண்டு படுத்தேன்.

நான் பிழைத்துவிட்டேன். மறுபடி அதே வாசலில் வேலை. எங்கள் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேரப்போகின்றன. படிவமெல்லாம் தமிழில் வரும் என்று சந்தோஷமாகப் பேசிக்கொள்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்தக் கட்டம் அப்படியே இருந்தால் தமிழிலும் ஆட்கள் சாவார்கள். முதல் ஊசியைப் போட்டுவிட்டு விசாரணையை நடத்துங்கள் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அதிகப்பிரசங்கி என்று பெயர் கிடைத்தது.

என் இடது நுரையீரல் நசுங்கினது நசுங்கினதுதான். பத்துப் படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவேன். நாலு மணி ஆனால், சூடு இல்லாத நாளிலும் கை தானாகக் கன்னத்துக்குப் போகிறது. அடுத்த வருஷம் என்று யாராவது பேசினால் பேச்சை மாற்றுவேன். அடுத்த எக்ஸ்ரே வரைதான் என் கணக்கு. ஸ்ட்ரெப்டோமைசின் உயிரைக் கொடுத்துக் காதை எடுத்துக்கொண்டது. வலது காதில் ஓயாத இரைச்சல், இடது காதில் பாதிதான் விழும்.

இந்த நோயோடு எங்கள் வாசலுக்கு வருகிறவர்களே, நகை இட்டுக்கொண்டே வாருங்கள், அதில் குற்றமில்லை. யாருடையது என்று நான் கேட்பேன். நீங்கள் சொல்வது காதில் விழாமல் உங்கள் முகத்தருகே குனிந்து மறுபடி கேட்பேன். எல்லார் முன்னாலும் இரவல் என்று உரக்கச் சொல்லவைக்கிறாளே என்று சிலர் என்னைச் சபிக்கிறார்கள். சபியுங்கள். பதில் விழும்வரை நான் எழுதமாட்டேன்.